தோற்றவருக்கும் அடுத்த முறை உண்டா? போர் முடிந்த நாட்டில் நாடாளுமன்றம் செய்யும் வேலை

ஈரோட்டில் சட்டம் படிக்கும் ஒரு மாணவி கேட்டிருந்த கேள்வி இது: "உள்நாட்டுப் போரை நிறுத்துவது ராணுவமும், ஆயுதம் எடுத்த தலைவர்களும், நடுவில் நின்று பேசும் வெளிநாடுகளும்தான். இதில் நாடாளுமன்றத்துக்கு உண்மையிலேயே வேலை இருக்கிறதா? இல்லை, எல்லாம் முடிந்த பிறகு கை தூக்குவது மட்டும்தானா?"

வேலை இருக்கிறது அம்மிணி. கோபி பக்கம் முப்பது வருடம் அரசியல் அறிவியல் பாடம் நடத்தியவன் நான். வகுப்பில் அதிகம் குழப்பிய கேள்விகளில் இது ஒன்று. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

துப்பாக்கிச் சத்தத்தை நிறுத்துவது சபையின் வேலை கிடையாது, அதில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் சண்டை நின்ற மறுநாள் காலையிலிருந்து நடக்க வேண்டியதில் பெரும்பகுதி சபையில்தான் நடந்தாக வேண்டும். எந்தப் போரையும் கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். "இந்தச் சபையில் நாங்கள் எப்போதும் தோற்றுக்கொண்டேதான் இருப்போம், எண்ணிக்கை எங்கள் பக்கம் வரவே வராது" என்று ஒரு தரப்பு கணக்குப் போட்டு முடித்த ஒரு நாள் இருக்கும். இன்றைக்குத் தோற்றாலும் அடுத்த முறை நமக்கும் வரும் என்று அதே தரப்பு நம்பத் தொடங்கினால்தான் அமைதி நிலைக்கும். அந்த நம்பிக்கையைச் சட்டமாக எழுதி, வருடக்கணக்கில் நடத்திக் காட்டும் பொறுப்பு சபைக்குத்தான் உண்டு. அதை ஜெனரலும் செய்ய முடியாது, சமாதானத் தூதுவரும் செய்ய முடியாது.

கீழ்பவானிப் பாசனத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. மொத்த ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 2,07,000 ஏக்கர். எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கத் தண்ணீர் கிடையாது. அதனால் பாதியாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு போகத்தில் ஒற்றைப்படை மதகுகளின் பக்கம் 1,03,500 ஏக்கருக்கு நெல்லுக்குத் தண்ணீர் வந்தால், அடுத்த போகத்தில் இரட்டைப்படை மதகுகளின் பக்கம் மீதி 1,03,500 ஏக்கருக்குப் புன்செய்ப் பயிருக்கு வரும். அடுத்த ஆண்டு முறை மாறும். எங்கள் இரண்டு ஏக்கரும் ஒரு மதகின் கீழேதான் இருக்கிறது. முறை இல்லாத போகத்தில், பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் தளும்பி ஓடும். நம் காடு வெடித்துக் கிடக்கும். மதகுப் பூட்டின் சாவி, வாய்க்காலைக் கவனிக்கும் ஊழியரான லஸ்கர் கையில் இருக்கும். அந்தப் பூட்டு ஒன்றும் பெரிய பூட்டு இல்லை, கடப்பாரையால் ஒரு போடு போட்டால் தெறித்துவிடும். வயிற்றெரிச்சலோடு பார்த்துக்கொண்டு நிற்போமே தவிர, யாரும் போட்டதில்லை. காரணம், ஜனவரியில் நம் முறை என்று அரசாணை இருக்கிறது, போன தடவை அப்படியே நடந்தும் இருக்கிறது. அரசாணையில் இருந்தும் இரண்டு தடவை முறை தவறினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். மூன்றாவது தடவை அந்தப் பூட்டு இருக்காது.

இப்போது இலங்கைக்கு வருவோம். தமிழில் இதைப் பற்றிப் பேசிவிட்டு இலங்கையைத் தொடாமல் போவது நேர்மையாக இருக்காது. மேலும், ஒரு நாட்டின் சபையே எப்படிப் போருக்கு வழி போட்டுக் கொடுக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை. 1956 ஜூன் 5 அன்று, சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் தனிச் சிங்களச் சட்டம் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, செல்வநாயகம் தலைமையில் தமிழ்த் தலைவர்கள் கொழும்பு காலிமுகத்திடலில் சத்தியாகிரகம் உட்கார்ந்தார்கள். அங்கேயே அடி வாங்கினார்கள். சபைக்குள் இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா எச்சரித்தார்: இரண்டு மொழி என்றால் ஒரே நாடு, ஒரே மொழி என்றால் இரண்டு நாடு. அதே கொல்வின் 1972-ல் அமைச்சராக இருந்து கொண்டுவந்த அரசமைப்பு, சிங்களத்தை அரசமைப்புக்குள்ளேயே உட்கார வைத்தது. இதைப் பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப் போகும். இடையில் 1957-ல் பண்டாரநாயக்க-செல்வநாயகம் ஒப்பந்தம், 1965-ல் டட்லி-செல்வநாயகம் ஒப்பந்தம். இரண்டிலும் சிங்களத் தலைவரும் செல்வநாயகமும் கையெழுத்துப் போட்டார்கள். சொன்ன அதிகாரப் பகிர்வு இரண்டு முறையும் சட்டமாகாமலேயே போனது. எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டார்கள்.

அப்புறம் 1977. ஐக்கிய தேசியக் கட்சிக்கு 168-ல் 140 இடம். தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடம் வாங்கி பிரதான எதிர்க்கட்சி ஆனது. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர். 1982 டிசம்பரில் பொதுத் தேர்தலுக்குப் பதிலாக மக்களிடம் ஒரு பொது வாக்கெடுப்பு நடத்தி, அந்தச் சபை தன் ஆயுளை இன்னும் ஆறு வருடம் நீட்டிக்கொண்டது. அடுத்த வருடம் ஜூலையில் கலவரம். தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்து இரண்டு வாரம் கூட ஆகாத நிலையில், ஆகஸ்டில் சபை கூடி ஆறாவது திருத்தத்தை நிறைவேற்றியது. தனிநாட்டை ஆதரிக்க மாட்டோம் என்று உறுதிமொழி எடுக்காதவர் உறுப்பினராக இருக்க முடியாது. கூட்டணியின் உறுப்பினர்கள் மறுத்தார்கள், இடத்தை இழந்தார்கள். உறுதிமொழியில் இருந்த வாசகம் நியாயமா இல்லையா என்று வாதாடலாம். ஆனால் விளைவைப் பாருங்கள்: எரிந்த வீட்டுக்காரர்கள் சார்பாக எழுந்து பேச வேண்டிய வாய்களை, அந்த நேரம் பார்த்து சபை வெளியே அனுப்பிவிட்டது. காட்டில் துப்பாக்கியோடு இருந்த இளைஞர்களுக்கு இதைவிடப் பெரிய ஆள்சேர்ப்பு விளம்பரம் கிடைத்திருக்காது.

நேபாளம் இதற்கு நேர் எதிரான கதை. அங்கே சபை தானே செத்துப் பிழைத்து வந்தது. மாவோயிஸ்டுகள் 1996 பிப்ரவரியில் போரைத் தொடங்கினார்கள். 2002-ல் பிரதிநிதிகள் சபை கலைக்கப்பட்டது. அதன்பின் அரசர் ஞானேந்திரா ஆட்சியைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். 2005 நவம்பரில் ஏழு கட்சிகளும் மாவோயிஸ்டுகளும் டெல்லியில் 12 அம்ச உடன்பாட்டுக்கு வந்தார்கள். 2006 ஏப்ரலில் மக்கள் தெருவில் இறங்கி நின்றார்கள். அரசர் பணிந்து, கலைத்த அதே சபையைத் திரும்பக் கூட்டினார். மே 18 அன்று அந்தச் சபை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. "மாட்சிமை தங்கிய அரசரின் அரசாங்கம்" என்ற பெயர் போய் "நேபாள அரசு" ஆனது. அரச ராணுவம் நேபாள ராணுவம் ஆனது. படைகளின் மேல் அரசருக்கு இருந்த பிடி போனது. மாவோயிஸ்டுகளின் கண்ணில் அது ஒரு பெரிய சைகை: அரசரின் ராணுவத்தை அரசரிடமிருந்து பிரிக்கும் துணிவு இந்தச் சபைக்கு இருக்கிறது. நவம்பர் 21-ல் முழுமையான சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது.

ஆனால் நான் மாணவர்களிடம் நின்று நிதானித்துச் சொல்வது அதற்குப் பின் வந்த 2007 ஜனவரி 15-ஐ. அன்று பழைய சபை இடைக்கால அரசமைப்பை ஏற்றுக்கொண்டு, தன்னைத் தானே முடித்துக்கொண்டது. அன்றே 330 பேர் கொண்ட இடைக்காலச் சட்டமன்றம் கூடியது. அதில் மாவோயிஸ்டுகளுக்கு 83 இடம். தேர்தலில் ஒரு ஓட்டுகூட வாங்காமலேயே கொடுத்தார்கள். நேற்று வரை தலைக்கு விலை வைத்துத் தேடப்பட்டவர்கள், வைத்தவர்களோடு ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தார்கள். ஆயுதங்கள்? அவை இரும்புக் கன்டெய்னர்களில் பூட்டப்பட்டு, ஐ.நா. குழுவின் கண்காணிப்பில் முகாம்களிலேயே இருந்தன. சாவி மாவோயிஸ்டுகளிடமே விடப்பட்டது! யாராவது திறந்தால் சத்தம் எழுப்பும் கருவியும் கேமராவும் மட்டும் ஐ.நா. ஏற்பாடு. நேபாள ராணுவமும் அதே அளவு ஆயுதத்தைத் தன் பக்கம் பூட்டி வைக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். முதல் தடவை இதைப் படித்தபோது எனக்கு எங்கள் லஸ்கரும் அந்தச் சின்னப் பூட்டும்தான் ஞாபகத்துக்கு வந்தது. சாவி கையிலேயே இருந்தும் பெட்டியைத் திறக்காமல் இருக்க, சபைக்குள் 83 நாற்காலிகள் ஒரு பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

2008 ஏப்ரலில் 601 பேர் கொண்ட அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல் நடந்தது. 240 பேர் தொகுதி வாரியாக, 335 பேர் விகிதாசாரப் பட்டியலில், 26 பேர் நியமனம். விகிதாசாரப் பட்டியலில் பெண்கள், தலித்துகள், ஜனஜாதிகள் எனப்படும் பழங்குடியினர், தெற்குச் சமவெளியில் வாழும் மதேசிகள் ஆகியோருக்குப் பங்கு கட்டாயம். 1999-ல் 205 பேரில் 12 பெண்கள் மட்டுமே இருந்த நாட்டின் சபையில், மூன்றில் ஒரு பங்குக்குப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். மாவோயிஸ்டுகளே அதிக இடம் பிடித்த கட்சி. மே 28 அன்று முதல் கூட்டத்திலேயே முடியாட்சி முடிந்தது. எதிர்த்து விழுந்த வாக்குகள் நான்கு.

இதோடு நிறுத்தினால் நேபாளத்தை அழகுபடுத்திச் சொன்னதாகிவிடும். இடைக்கால அரசமைப்பு வந்த அதே மாதத்தில், தராய் சமவெளியில் மதேசிகள் கொதித்தெழுந்தார்கள். ஒரு போரை முடித்த ஆவணத்திலேயே தங்களுக்குச் சரியான பங்கு இல்லை என்றார்கள். அரசமைப்பை எழுதி முடிக்க முடியாமல் அந்த 601 பேர் சபை காலத்தை நீட்டி நீட்டி, 2012 மே மாதம் ஒன்றும் தராமல் கலைந்தது. 2013-ல் இரண்டாவது சபை, அதில் மாவோயிஸ்டுகள் மூன்றாம் இடத்துக்கு இறங்கினார்கள். 2015 செப்டம்பரில்தான் அரசமைப்பு வந்தது, அப்போதும் சமவெளியில் ரத்தம் சிந்தியது. ஐ.நா. சரிபார்த்த 19,602 போராளிகளில் ராணுவத்தில் கடைசியில் சேர்ந்தது சுமார் 1,400 பேர்தான். மிகப் பெரும்பாலோர் பணம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். இத்தனை இழுபறியிலும் அந்தக் கன்டெய்னர்கள் மறுபடி போருக்காகத் திறக்கப்படவில்லை. 2013 தோல்வியில் முறைகேடு என்று குற்றம் சாட்டினார்கள், கத்தினார்கள், பிறகு சபைக்குள் வந்து எதிர்வரிசையில் உட்கார்ந்தார்கள். போருக்கும் அமைதிக்கும் நடுவில் உள்ள கோட்டை நேபாளம் தாண்டியது அந்தத் தோல்வியின்போதுதான், 2008 வெற்றியின்போது இல்லை என்பேன்.

இதற்காக வெளிநாடு வரை போக வேண்டியதில்லை, நம் நாட்டிலேயே மிசோரம் இருக்கிறது. நம் பக்கத்தில் அதிகம் பேசப்படாத கதை. மிசோ மலை அப்போது அசாமில் ஒரு மாவட்டம். மூங்கில் பூத்து, எலி பெருகி, 1959 வாக்கில் பஞ்சம் வந்தது. கவனிப்பார் இல்லை. பஞ்ச நிவாரணத்துக்காகத் தொடங்கிய அமைப்பே 1961-ல் மிசோ தேசிய முன்னணி ஆனது. இடையில் 1960-ல் அசாம் சட்டமன்றம் அசாமிய மொழியை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் போட்டது. 1966-ல் லால்டெங்கா தலைமையில் ஆயுதக் கிளர்ச்சி வெடித்தது. மார்ச் மாதம் அய்சால் மீது நம் விமானப்படையே குண்டு வீசியது. அப்புறம் இருபது வருடம் காடும் ஊரடங்கும்தான் அந்த மக்களின் வாழ்க்கை.

1986 ஜூன் 30-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. இங்கேதான் நாடாளுமன்றம் வருகிறது. 53ஆவது அரசமைப்புத் திருத்தத்தின் மூலம் 371ஜி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். மிசோக்களின் மத, சமூக வழக்கங்கள், மரபுச் சட்டம், நில உரிமை ஆகியவை பற்றி டெல்லி நாடாளுமன்றம் போடும் எந்தச் சட்டமும், மிசோரம் சட்டமன்றம் தீர்மானம் போட்டு ஏற்றுக்கொண்டால் ஒழிய அங்கே செல்லாது. சட்டம் படிக்கும் நீங்கள் இந்தப் பிரிவை ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். ஒரு பெரிய சபை, 40 பேர் கொண்ட ஒரு சின்னச் சபையிடம், "இந்த விஷயங்களில் உன் சம்மதம் இல்லாமல் என் எண்ணிக்கையைக் காட்டி உள்ளே வர மாட்டேன்" என்று எழுதிக் கொடுத்த பத்திரம் அது. 1956 கொழும்பில் இதில் பாதியை எழுதிக் கொடுத்திருந்தால் எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும் என்று நினைக்காமல் என்னால் இதைப் படிக்க முடிவதில்லை.

ஒப்பந்தத்தை ஒட்டி, அப்போதைய முதலமைச்சர் லால் தன்ஹாவ்லா பதவி விலகி, லால்டெங்காவை முதலமைச்சராக்கி, தான் துணை முதலமைச்சராக இருந்தார். 1987-ல் தேர்தல், முன்னணிக்கு 40-ல் 24 இடம். அடுத்த வருடமே கட்சி உடைந்து ஆட்சி கவிழ்ந்தது. 1989-ல் தோற்றார்கள். ஆயுதத்தை ஒப்படைத்து மூன்று வருடம்கூட ஆகாத கட்சி அது. திரும்பக் காட்டுக்குப் போகவில்லை. ஒன்பது வருடம் காத்திருந்து 1998-ல் ஜெயித்தார்கள். முதலமைச்சரான ஜோரம்தங்கா லால்டெங்காவோடு காட்டில் இருந்தவர். அவர் 2008-ல் தோற்றார், 2018-ல் ஜெயித்தார், 2023 டிசம்பரில் தன் சொந்தத் தொகுதியிலேயே தோற்று, கவர்னரிடம் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று நான் சொன்னது இதைத்தான்.

சரி, சபையில் இடம் கொடுப்பது ஒரு பாதி. இன்னொரு பாதி யாரும் கைதட்டாத வேலை. அதைச் சொல்ல ஒரு நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

பவானிசாகர் அணைக்கட்டு ஊரில் இலங்கைத் தமிழர் முகாம் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சில வருடங்களுக்கு முன் அங்கே ஓர் அம்மாவின் காகிதங்களைப் படித்துச் சொல்லப் போயிருந்தேன். அரிசிப் பையை வெட்டித் தைத்த உறைக்குள் அத்தனையையும் வைத்திருந்தார். மகனின் பள்ளிக்கூடப் படம், கிராம சேவகர் கொடுத்த கடிதம், செஞ்சிலுவைச் சங்கத்தின் பழைய தாள் ஒன்று, எல்லாவற்றுக்கும் அடியில் மடிப்பு கிழிந்து டேப் ஒட்டிய காணி உறுதி. நாம் பத்திரம் என்போமே, அது. காணி மகன் பெயரில். மகன் போரின் கடைசி மாதங்களில் காணாமல் போனவர். "மரணச் சான்றிதழ் எடுத்தால் காணியை மாத்தலாம் எண்டு சொல்லுறாங்கள் ஐயா. அவன் செத்ததை நான் பார்க்கேல்ல. பார்க்காததுக்கு நான் எப்படிக் கையெழுத்து வைக்கிறது?" என்றார். கேட்டுவிட்டு, அந்தப் படத்தைத் துடைத்து மறுபடி உறைக்குள் வைத்தார்.

அந்தக் கேள்விக்கு எந்தத் தளபதியும் பதில் சொல்ல முடியாது. ஒரு சட்டம்தான் சொல்ல முடியும். 2016-ல் இலங்கை நாடாளுமன்றம் இறப்புப் பதிவுச் சட்டத்தில் ஒரு திருத்தம் செய்தது. இறந்துவிட்டார் என்று சொல்லாமல், காணவில்லை என்று மட்டும் சொல்லும் ஒரு சான்றிதழை அரசு தரலாம். அதை வைத்து குடும்பம் சொத்தைக் கவனிக்கலாம், உதவித்தொகை கேட்கலாம். சில பக்கத் திருத்தம்தான். போர் முடிந்து ஏழு வருடம் கழித்துத்தான் வந்தது. ஆனால் ஒரு தாய் பொய்யாகக் கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயத்தை அது எடுத்துவிட்டது. அந்த அம்மாவிடம் அதைப் படித்துக் காட்டியபோது, "இப்படி ஒண்டு இருக்கெண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றுதான் சொன்னார்.

அதே வருடம் ஆகஸ்டில் காணாமல் போனோர் அலுவலகத்துக்கான சட்டமும் சபையில் பெரும் கூச்சலுக்கு நடுவே நிறைவேறியது. ஆணையர்களை நியமிக்கவே 2018 ஆகிவிட்டது. அதற்குள் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார்கள் சாலையோரம் பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அந்த அலுவலகத்தின் மேல் அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. இதில் சபையின் தவறு சட்டம் போட்டதில் இல்லை. போட்டதோடு வேலை முடிந்தது என்று விட்டதில் இருக்கிறது. எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குப் பதில் கிடைத்தது, கேட்ட பணம் ஒதுக்கப்பட்டதா என்று ஒவ்வொரு பட்ஜெட்டிலும் ஒரு குழு உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உறுப்பினர்களுக்கு இதில் பெயரும் கிடைக்காது, ஓட்டும் கிடைக்காது. அமைதியை வளர்ப்பது இந்த வேலைதான்.

லெபனானில் இதைத் தட்டிக்கழித்ததன் விளைவைப் பார்க்கலாம். அங்கே 1975 முதல் 1990 வரை போர். 1972-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட 99 பேர் சபைக்கு மறுதேர்தல் நடத்தவே முடியாமல், காலத்தை நீட்டிக்கொண்டே போனார்கள். 1989-ல் அவர்களில் உயிரோடு மிஞ்சியவர்கள் எழுபத்துச் சொச்சம். அதில் 62 பேர் சவுதியில் தாயிஃப் நகரத்துக்குப் போய் உட்கார்ந்து ஒப்பந்தத்தை முடித்தார்கள். பதினேழு வருடப் பழைய சபை. ஆனாலும் பெரும்பாலான தரப்புகள் ஒப்புக்கொள்ளும் சட்டபூர்வமான ஒரே அமைப்பு என்று அதுதான் மிஞ்சியிருந்தது. அதுவரை கிறிஸ்தவர்-முஸ்லிம் இடங்கள் ஆறுக்கு ஐந்து என்றிருந்ததைச் சரிபாதி ஆக்கினார்கள். நாடு திரும்பி ஒரு விமானப்படைத் தளத்தில் கூடி அதை ஏற்று, ரெனே முவாத்தை அதிபராகத் தேர்ந்தெடுத்தார்கள். பதினேழாம் நாள் அவர் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். சபை கலையவில்லை, இரண்டே நாளில் அடுத்தவரைத் தேர்ந்தெடுத்தது. அந்த உறுதியை நான் மதிக்கிறேன்.

ஆனால் 1991 ஆகஸ்டில் அதே சபை பொதுமன்னிப்புச் சட்டம் போட்டது. போர்க்குழுத் தலைவர்கள் பலர் உறுப்பினர்களாகவும் அமைச்சர்களாகவும் வந்தார்கள். காணாமல் போன சுமார் 17,000 பேர் எங்கே என்று கேட்க யாரும் இல்லை. போர் நடக்கும்போதே 1982-ல் பெண்கள் தொடங்கிய குடும்பங்களின் குழு ஒன்று மட்டும் விடாமல் கேட்டது. அவர்கள் கேட்ட சட்டம் நிறைவேறியது 2018 நவம்பரில். முப்பத்தாறு வருடம்! கேட்ட தாய்மார்களில் பலர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நேபாளமும் இந்த விஷயத்தில் நன்றாகச் செய்யவில்லை. 2014-ல் போட்ட உண்மை அறியும் ஆணையச் சட்டத்தில் கொடுங்குற்றங்களுக்கும் மன்னிப்பு தர இடம் வைத்தார்கள். 2015-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. சபை அந்தச் சட்டத்தைத் திருத்த 2024 ஆகஸ்ட் ஆனது. எதிரிகளாக இருந்தவர்கள் சபைக்குள் நண்பர்களாகிவிட்டால், இரண்டு பக்கத்தாலும் அடிபட்டவர்களை மறப்பது இரண்டு பக்கத்துக்கும் வசதியாகிவிடுகிறது. சமாதானச் சபைகளுக்கு உள்ள பெரிய ஆபத்து இதுதான் என்பது என் எண்ணம்.

இந்த ஆபத்துக்குக் கொலம்பியா ஒரு வழி யோசித்தது. ஃபார்க் என்ற ஆயுதக் கிளர்ச்சி அமைப்போடு அரசு போட்ட ஒப்பந்தம் 2016 அக்டோபர் வாக்கெடுப்பில் மயிரிழையில் தோற்றது. திருத்திய ஒப்பந்தத்தை நவம்பர் கடைசியில் காங்கிரஸ், அதாவது அவர்களின் நாடாளுமன்றம், ஏற்றுக்கொண்டது. மக்கள் வேண்டாம் என்றதைச் சபை ஏற்கலாமா என்று அங்கே இன்றைக்கும் சண்டை இருக்கிறது. லேசாகத் தள்ளிவிடக் கூடிய கேள்வி இல்லை அது. ஆயுதத்தை விட்ட ஃபார்க் தரப்புக்கு இரண்டு தேர்தல் காலங்களுக்கு 10 இடங்கள் உறுதி செய்யப்பட்டன. இதுவரை நேபாளம் மாதிரிதான். ஒப்பந்தத்தில் இன்னொன்றும் இருந்தது: போரில் அதிகம் அடிபட்ட வட்டாரங்களுக்கு 16 தனித் தொகுதிகள். அவற்றில் போரால் பாதிக்கப்பட்டவர்களே நிற்க வேண்டும், ஏற்கெனவே சபையில் உள்ள கட்சிகள் ஆள் நிறுத்தக் கூடாது.

துப்பாக்கி வைத்திருந்தவருக்குக் கொடுத்த 10 உடனே கிடைத்தது. துப்பாக்கிக்கு முன்னால் நின்றவருக்குச் சொன்ன 16 அவ்வளவு லேசாகக் கிடைக்கவில்லை. 2017 நவம்பர் 30 அன்று காங்கிரஸின் மேலவையான செனட்டில் 50 பேர் ஆதரவு, 7 பேர் எதிர்ப்பு. ஆனாலும் மொத்தம் 102 இடத்தில் பாதிக்கு மேல் வரவில்லை, அதனால் தோல்வி என்று அறிவித்துவிட்டார்கள். அன்றைக்கு மூன்று இடம் நிரப்ப முடியாதபடி காலியாக இருந்தது, ஆகவே 99-ல் 50 போதும் என்று பாதிக்கப்பட்டவர்கள் தரப்பில் வாதாடினார்கள். கணக்கு சரிதான் என்று அரசியல் சாசன நீதிமன்றம் சொல்ல 2021 ஆகிவிட்டது. 2022-ல்தான் அந்த 16 பேர் உள்ளே வந்தார்கள். நடைமுறை விதிகளைச் சலிப்பான பாடம் என்று தள்ளும் மாணவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன். மூன்று காலி நாற்காலிகளை எப்படி எண்ணுவது என்பதில் பல லட்சம் பேரின் குரல் நாலு வருடம் மாட்டிக்கொண்டு நின்றது.

வட அயர்லாந்து பற்றியும் நீங்கள் படித்திருப்பீர்கள், அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். 1998 ஒப்பந்தப்படி முக்கிய முடிவுகளுக்கு, பிரிட்டனோடு இருக்க விரும்பும் சமூகம், அயர்லாந்தோடு சேர விரும்பும் சமூகம் இரண்டின் ஆதரவும் வேண்டும். முதல் அமைச்சர், துணை முதல் அமைச்சர் இருவரில் ஒருவர் விலகினால் மற்றவரும் பதவியில் நீடிக்க முடியாது. இதனால் யாரும் யாரையும் நசுக்க முடியவில்லை. அதே விதியால் 2017 முதல் 2020 வரை, 2022 முதல் 2024 வரை சபையும் அரசும் முடங்கிக் கிடந்தன. ஆஸ்பத்திரிக்குப் பணம் ஒதுக்கக்கூட அங்கே முழுதாக இயங்கும் அரசு இல்லை. இப்படி முடக்கும் பூட்டு வேண்டுமா என்று கேட்டால், போர் முடிந்த முதல் தலைமுறைக்கு வேண்டும் என்பேன். அதற்குப் பின் தளர்த்தும் வழியையும் அந்தச் சட்டத்திலேயே எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பூட்டு வைத்திருப்பவர்களே அதைத் தளர்த்த விடமாட்டார்கள்.

கடைசியாக மறுபடி இலங்கை, ஏனென்றால் உங்கள் கேள்விக்கு இன்றைக்கும் முடியாத பதில் அங்கே இருக்கிறது. 1987-ல் 13ஆவது திருத்தம் வந்தது, மாகாண சபைகள் வந்தன. வடக்கு மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்தது போர் முடிந்து நாலு வருடம் கழித்து, 2013 செப்டம்பரில். தமிழர்கள் பெருவாரியாக வந்து வாக்களித்தார்கள். 2017-ல் நாடாளுமன்றம் மாகாணத் தேர்தல் முறையையே மாற்றிச் சட்டம் போட்டது. புது முறைக்குத் தொகுதி எல்லைகளை வரைய வேண்டும். வரைந்த அறிக்கை 2018 ஆகஸ்டில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவாக ஒரு வாக்குகூட விழவில்லை. பழைய முறையைச் சட்டம் எடுத்துவிட்டது, புது முறைக்கு எல்லை இல்லை. அந்த அக்டோபரில் வடக்கு சபையின் காலம் முடிந்தது. 2019 இறுதிக்குள் ஒன்பது மாகாண சபைகளின் காலமும் முடிந்து, அதிகாரம் ஆளுநர்கள் கைக்குப் போய்விட்டது. யாரும் குண்டு வீசவில்லை, யாரும் தடைச் சட்டம் போடவில்லை. ஒரு பிற்பகல் வாக்கெடுப்பில் மதகு மூடிக்கொண்டது, அதன்பின் வருடக்கணக்கில் திறக்கவில்லை.

நம் பக்கத்துச் சபைகளும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் அறிவித்துத்தான் "அகதிகள் முகாம்" என்ற பெயர் "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" ஆனது. வீடுகளும் கல்வி உதவியும் சேர்த்து சுமார் 317 கோடி ரூபாய்க்குத் திட்டம் சொன்னார்கள். ஆனால் குடியுரிமை டெல்லி நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. பவானிசாகர் முகாமில் பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போய், இப்போது திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய்வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சில் பாதி அம்மாவின் வன்னித் தமிழ், பாதி நம் "ஏனுங்க". அவர்களில் பெரும்பாலோர் இங்கிருந்தபடி ஓட்டுப் போட எந்த நாட்டின் எந்தச் சபையும் வழி வைக்கவில்லை.

கல்லூரியில் ஆய்வுக்கட்டுரைக்குத் தலைப்பு தேடுகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். 2018 ஆகஸ்ட் வாக்கெடுப்பையும் 371ஜி பிரிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுங்கள். முகாமுக்கு வர வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை பார்த்து வாருங்கள், அன்றைக்குத்தான் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். நான் சத்தியமங்கலத்தில் பஸ் ஸ்டாண்டிலேயே நிற்கிறேன், சேர்ந்து போகலாம்.